நீ மன்னித்துவிட்டதாகச் சொன்ன பிறகு

தம்பி,

நீ போனை வைத்த பிறகு உன் மாமனார் வீட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. உன் அப்பா சொல்ல மாட்டார், அவர் என்னிடமே பேசுவதில்லை. உன் பெண்டாட்டி பவித்ராவும் சொல்ல மாட்டாள். உன் மாமனார் இனி உன்னிடம் நேரில் பேசுவாரா, வக்கீலை வைத்துப் பேசுவாரா என்பது இந்த ஆடி முடிந்ததும் தெரிந்துவிடும். ஆகவே நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் நீ பாதியிலேயே "சரிம்மா, டவர் இல்ல" என்று வைத்துவிடுவாய். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து நானே அனுப்புகிறேன். கடைசி வரை படித்துவிட்டுப் பிறகு என் மேல் கோபப்படு. இதை நான் ஒளித்து வைக்கப் போவதுமில்லை. பவித்ராவும் படிப்பாள், அவளுடைய அப்பாவும் படிப்பார். அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் மாமனார் வீட்டு முன்னறையில் கால் வைக்க இடமில்லை. தேர் பார்க்க வந்த சொந்தக்காரர்கள், நான், உன் அப்பா, எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். தெருவில் போகிற கூட்டத்தின் சத்தம் சன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. உன் மாமனார் போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் இருந்த ஸ்டூல் மேல் வைத்தார். "மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளும்மா, நல்ல நாளும் அதுவுமா" என்றார். பவித்ரா கேட்டாள். அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது. நீ அந்தப் பக்கத்திலிருந்து, பின்னால் கடல் இரைந்துகொண்டிருக்க, "சரி விடுங்க மாமா, நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்" என்றாய். அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாய். உன்னைப் பெற்றதிலிருந்து எத்தனையோ முறை உன்னால் எனக்குத் தலைகுனிவு வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு விட்டிருக்கிறார்கள், பக்கத்து வீட்டில் வந்து சண்டைக்கு நின்றிருக்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அந்த நிமிடத்தில் தோன்றியது.

நீங்கள் கிளம்பிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வைகாசியில் கல்யாணம். ஆனி முடிவதற்குள் இருவரும் சென்னை வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து நின்றீர்கள். வியட்நாம் போகிறோம், கடற்கரை ஊர்கள், பழைய காலத்துக் கோயில் இடிபாடுகள், பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர்கள், எல்லாவற்றையும் பஸ்ஸிலேயே போய்ப் பார்ப்போம், எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே தங்குவோம் என்றாய். எனக்குக் கன்னியாகுமரியே வெளிநாடு. தெருவில் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். ஆடி மாசம் புதுசாகக் கட்டிக்கொண்டதுகளைப் பிரித்து, பெண்ணைத் தாய் வீட்டில் வைத்திருப்பதுதானே நம் வழக்கம், இதுகள் ஆடி முழுக்கச் சேர்ந்து ஊர் சுற்றப் போகிறதே என்றார்கள். நீ, "அம்மா, அந்த ஊரு காலண்டர்ல ஆடியே கெடையாது" என்றாய். நானும் சிரித்தேன். மாடியில் என்னோடு நைட்டி தைக்கிற பிள்ளைகளிடம் போய், என் மருமகள் என் மகனுக்குச் சமமாக மூட்டை தூக்கிக்கொண்டு போகிறாள் என்று பீற்றிக்கொண்டேன். பெருமையாகத்தான் இருந்தது.

அந்தச் செங்கல் கோயில் இடிபாடுகளிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாயே, அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. கூரை இல்லாத இடத்தில் வெயிலில் நிற்கிற சிவலிங்கத்தைக் காட்டினாய். உன் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு போனைப் பார்த்துக் கும்பிட்டார். நீ கோபுரத்தையும் காட்டையும் சுற்றிச் சுற்றிக் காட்டும்போது ஓர் ஓரத்தில் பவித்ரா தெரிந்தாள். இரண்டு மூட்டைகளுக்கும் காவலாக ஒரு கல்லில் உட்கார்ந்து, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். "அவளுக்குக் காட்டுனியா?" என்று கேட்டேன். "அவ அப்பவே பாத்துட்டாம்மா" என்றாய். நானும் விட்டுவிட்டேன். இதில் ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் நான் தையலை விட்டுவிட்டு ஜோசியம் சொல்லப் போயிருப்பேன்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் துணி வெட்டிக்கொண்டிருக்கிறேன், வாசலில் நிழல் தட்டுகிறது. நிமிர்ந்தால் பவித்ரா, அதே மூட்டையோடு. மதுரையிலிருந்து வரும் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டித்தான் ராஜபாளையம் வர வேண்டும். தன் சொந்த ஊரில் இறங்காமல் நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நான் அவளுக்குப் பின்னால் உன்னைத் தேடினேன். "அவன் எங்கம்மா?" என்றேன். "வரலை அத்தை. செத்த நேரம் படுத்துக்கிடட்டுமா?" என்றாள். தண்ணீர் குடித்தாள், படுத்தாள், சாயங்காலம் எழுந்து இட்லி சாப்பிட்டாள். அப்புறம்தான் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் கொஞ்சம் குறைத்தே நம்பியிருப்பேன், உன் பக்கத்து நியாயம் ஒன்று தனியாக இருக்கும் என்று நினைத்திருப்பேன். அவள் பஸ் டைம் சொல்வதுபோலச் சொன்னாள். அதில் கூட்டிச் சொன்னது எதுவும் இருந்திருக்க முடியாது.

நீங்கள் அப்போது ஒரு கடற்கரை ஊரில் இருந்தீர்கள். அதன் பெயர் எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை. அங்கிருந்து மலைமேல் பிரெஞ்சுக்காரன் கட்டின ஊர் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று பவித்ரா கிளம்பும்போதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். பயணம் முழுக்க நீ போட்ட திட்டம். அதில் அவள் கேட்டது அந்த ஒரு ஊர். உனக்குக் கடலை விட்டு வர மனசில்லை, இன்னும் சில நாள் இருப்போம் என்றாய். பஸ் ஸ்டாண்டு வரை முணுமுணுத்துக்கொண்டே வந்து, காலையில் பஸ் கிளம்பும் நேரத்தில் பேச்சு முற்றி, "போகணும்னா நீ போ" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்துவிட்டாய். உன் நெஞ்சில் மாட்டியிருந்த சின்னப் பையில் இரண்டு பாஸ்போர்ட், இருந்த காசு, கார்டு, போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிற டப்பா, எல்லாம் இருந்தன. அவள் போன் ஏற்கெனவே அணைந்திருந்தது. அவளிடம் இருந்தது துணி மூட்டை ஒன்றுதான். பாஸ்போர்ட் இல்லாமல் அங்கே யாரும் தங்க இடம் தர மாட்டார்கள் என்று நீதானே எனக்குச் சொன்னாய். பேச்சும் புரியாது. மலையூர் பஸ் அவள் கண் முன்னாலேயே போய்விட்டது.

நீ இப்போது வந்துவிடுவாய், இப்போது வந்துவிடுவாய் என்று அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். தேடிப் போகலாம் என்றால், அந்த நேரத்தில் நீ திரும்பி வந்து அவளைக் காணாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம். கழிவறைக்குக்கூடப் போகவில்லை. ஒரு ஆள் வந்து வந்து ஏதோ கேட்டிருக்கிறான், டாக்ஸிக்காரனா வேறு எவனா என்று தெரியவில்லை. அங்கே ரொட்டி விற்கிற அம்மா ஒருத்தி இதைப் பார்த்துக்கொண்டே இருந்து, அவனை விரட்டிவிட்டு, இவளைத் தன் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்திருக்கிறாள். பொழுது சாயும் நேரத்தில் நீ வந்தாய். தலை ஈரமாக இருந்தது என்றாள் பவித்ரா. கடலில் குளித்துவிட்டு வந்திருக்கிறாய். "கோவம் போயிருச்சா? வா, போலாம்" என்றாயாம். அவள் கையை நீட்டி, "என் பாஸ்போர்ட்டக் குடு" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். அதையும் தன் கார்டையும் வாங்கிக்கொண்டு மறுநாள் விமானம் ஏறிவிட்டாள்.

நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். சின்ன வயதில் உனக்குக் கோபம் வந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவாய். போய் உட்காரும் இடமும் எங்களுக்குத் தெரியும், பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிற டீக்கடை பெஞ்சு. நான் சோற்றை மூடி வைத்துவிட்டு, உன் அப்பாவை டிவிஎஸ்ஸில் அனுப்புவேன். "அம்மா சாப்பிடாம இருக்காடா, வா" என்று அவர் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வருவார். நீ ஜெயித்த முகத்தோடு வந்து உட்காருவாய், நான் சூடாக இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவேன். எதற்காகச் சண்டை வந்தது என்பது அதோடு மறந்து போகும். காலேஜ் போன பிறகும் இப்படித்தான். எழுந்து போனால் யாராவது பின்னால் வந்து கூப்பிடுவார்கள் என்று உனக்குச் சோறோடு சேர்த்து ஊட்டியது நான்தான். அந்தக் கடற்கரையிலும் நீ அதற்குத்தான் காத்திருந்தாய். அவள் வந்து கூப்பிடவில்லை என்று கோபம் ஏறி ஏறி, வெயிலுக்குக் கடலிலும் இறங்கிவிட்டாய். அவளால் வந்திருக்க முடியாது என்பது உன் நெஞ்சில் தொங்கிய பைக்குத் தெரியும், உனக்குத் தெரியவில்லை.

உன் அப்பாவும் ஒரு முறை என்னை அப்படி விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பிளவக்கல் அணைக்குப் போயிருந்தோம், நீ இடுப்பில் இருக்கிற பிள்ளை. அவர் எப்போதும்போல முன்னால் நடந்தார், நான் செத்த உட்காரலாம் என்றேன், அதில் வார்த்தை வளர்ந்து அவர் பாட்டுக்குப் போய்விட்டார். நான் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து புளியோதரையை உனக்கும் ஊட்டி நானும் தின்று, அவருக்கு ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. பசியோடு திரும்பி வந்தவர் வாளியைத் திறந்து பார்த்த முகத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பவித்ரா கதையைக் கேட்டதிலிருந்து அது சிரிப்பாக இல்லை. என் கையில் சோறு இருந்தது, பஸ்ஸுக்குக் காசு இருந்தது, யாரைக் கேட்டாலும் வத்திராயிருப்புக்கு வழி சொல்லியிருப்பார்கள். அதனால்தான் என்னால் பயமில்லாமல் கோபப்பட முடிந்தது. அவளுக்கு அந்த வசதிகூட இல்லை. பயம் வந்துவிட்டால் கோபப்பட இடமே கிடையாது, தம்பி. இனி நீ யாரோடு எந்த ஊருக்குப் போனாலும் அவரவர் பாஸ்போர்ட் அவரவர் கையில் இருக்கட்டும்.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் நான் முதலில் நினைத்தது அவளைப் பற்றி இல்லை, உன் மாமனாரைப் பற்றி. அவர் வக்கீல் குமாஸ்தா. கட்டிக்கொண்டதுகள் பிரிவதைக் கோர்ட் வராந்தாவில் தினமும் பார்க்கிறவர். விஷயம் தெரிந்தால் மறுநாளே நோட்டீஸ் வரும் என்று எனக்கு நடுக்கம். "அம்மாடி, உங்க அப்பாகிட்ட இப்ப இத சொல்லாத. ஆடி முடியட்டும். அதுக்குள்ள அவன நான் பேச வைக்கேன்" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "சரி அத்தை" என்றாள். ஆடி என்ற ஒரு வார்த்தை எனக்கு அம்புட்டு வசதியாகப் போயிற்று. தெருவுக்கு, "ஆடிக்கு வந்துட்டா, அவங்கம்மாவுக்கு மனசு கேக்கல" என்றேன். சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு, ஆடிக்குப் பிள்ளையை அழைத்துப் போங்கள் என்று முறையாகச் சொல்லி, அவர்கள் பூவும் பழமுமாக வந்து கூட்டிக்கொண்டும் போனார்கள். எந்த வழக்கத்தை நீ கிண்டல் செய்தாயோ அதை எடுத்து உன் தப்புக்கு மேல் போர்வையாகப் போர்த்தினேன்.

ஆனால் நீ அதற்குள் உன் மாமனாருக்குப் போன் செய்து, பவித்ரா சின்ன விஷயத்துக்குக் கோவித்துக்கொண்டாள், வீட்டு ஞாபகம் வேறு, சொல்லச் சொல்லக் கேட்காமல் கிளம்பிவிட்டாள் என்று சொல்லி வைத்திருந்தாய். அவர் நம்பிவிட்டார். மாப்பிள்ளை இவ்வளவு பொறுமையாகப் பேசுகிறாரே என்று அவருக்கு உன் மேல் மரியாதை கூடிவிட்டது. மகளைப் பிடித்துக்கொண்டார். கட்டினவனைக் கண்காணாத ஊரில் தனியாக விட்டுவிட்டு ஓடி வருகிற பெண்ணை எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா என்று காலையில் ஒரு தடவை, கோர்ட்டிலிருந்து வந்து ஒரு தடவை. நான் வெள்ளிக்கிழமைதோறும் பலகாரம் எடுத்துக்கொண்டு மருமகளைப் பார்க்கப் போவேன். என் முன்னாலேயே வைவார். பவித்ரா தலையைக் குனிந்துகொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும், அந்த ஏச்சு நின்றுவிடும். நான் காப்பியைக் குடித்துவிட்டு, "சின்னஞ்சிறுசுக, சரியாப் போயிரும் சம்பந்தி" என்று எழுந்து வருவேன். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசினேன், நீ, "அவதான போனா, அவளே கூப்பிடட்டும்" என்றாய். கூடவே, மணலில் இளநீரோடு நிற்கிற படம் ஒன்றும் அனுப்பினாய்.

பூரத்தன்றைக்கு நீ மன்னித்துவிட்டதாகச் சொல்லி போனை வைத்தாயா, அறையில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. உன் மாமனார், "பாத்தியா, தங்கமான மனுசன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு, எல்லோரும் தேருக்குக் கிளம்பலாம் என்றார். பவித்ரா எழுந்திருக்கவில்லை. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. இந்த அம்மா இப்போதும் பேசாமல்தான் இருக்கப் போகிறாள் என்று முடிவு கட்டின பார்வை. "சம்பந்தி, மன்னிப்புக் கேக்க வேண்டியவ அவ இல்ல" என்றேன். உன் அப்பா என் பக்கம் திரும்பி, "ஏட்டி, பேசாம உக்காரு" என்று பல்லைக் கடித்தார். "இம்புட்டு நாளும் உக்காந்துதான இருந்தேன்" என்றேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் ஸ்டாண்டு, பாஸ்போர்ட், அணைந்த போன், ரொட்டிக்கார அம்மா, உன் ஈரத் தலை, எதையும் விடவில்லை. என் பிள்ளையைப் பற்றி அத்தனை பேர் முன்னால் என் வாயாலேயே சொன்னேன்.

உன் மாமனார் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மகள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். "எம்புட்டு நேரம்மா நின்ன?" என்றார். "பொழுது சாயுற வரைக்கும்ப்பா." "சாப்டியா?" "அந்தம்மா ஒரு ரொட்டி குடுத்துச்சு." பிறகு அவர், "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார். "நான்தான் சொல்ல வேண்டாம்னேன்" என்றேன். அவள், "நீங்களும் கேக்கலப்பா. எப்ப திரும்பிப் போவேன்னுதான் தெனமும் கேட்டிய" என்றாள். உன் மாமியார் உள்ளேயிருந்து வந்து மகள் கையில் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்துவிட்டு அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உன் மாமனார் என்னைப் பார்த்தார். "சம்பந்தியம்மா, எம் பிள்ளைய நானே வைஞ்சிருக்கேன். நீங்க பக்கத்துல உக்காந்து காப்பி குடிச்சிய" என்றார்.

பண்டிகை நாளில் சம்பந்தி வீட்டிலிருந்து கை நனைக்காமல் யாரும் வர மாட்டார்கள். அடுப்படியில் பாயசம் வரை எல்லாம் இறக்கி வைத்திருந்தார்கள். எங்களை ஒருவரும் சாப்பிடச் சொல்லவில்லை. நாங்களே எழுந்து, தேர்க் கூட்டத்துக்குள் இடிபட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். பஸ்ஸில் உன் அப்பா பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். ராஜபாளையத்தில் இறங்கி வீடு வரும் வழியில் ஒரே ஒரு வார்த்தை பேசினார். "நம்ம பய பேர நாமளே கெடுத்துட்டோம்." நான், "கெடுத்தது அவன். நாம மூடி வச்சோம்" என்றேன். அன்றிலிருந்து அவர் மெஸ்ஸில் சாப்பிட்டு வருகிறார். உன்னைப் போலவே அவரும் எழுந்து போய்விடுகிற ஆள்தான். நான் யாரையும் அனுப்பிக் கூப்பிடவில்லை. பசித்தால் வருவார்.

ஆவணி பிறந்ததும் உன் மாமனார் வக்கீலைப் பார்க்கப் போகிறார். பவித்ரா அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நேற்று அவளே எனக்குப் போன் செய்தாள். இனி அவள் என்னோடு பேசவே மாட்டாள் என்று நினைத்திருந்ததால், பெயரைப் பார்த்ததும் வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு எடுத்தேன். உன்னோடு வாழ இஷ்டமிருக்கிறதா என்று கேட்டேன். "தெரியல அத்தை" என்றாள். அவன் வந்து மன்னிப்புக் கேட்டால் சரியாகுமா என்றேன். "சாரி எல்லாம் சுலபமா சொல்லிருவாரு அத்தை. அன்னைக்கு நான் எம்புட்டு பயந்தேன்னு அவருக்குத் தெரியணும். அது தெரியாம சாரி சொன்னா, அடுத்த ஊரு பஸ் ஸ்டாண்டுலயும் இதேதான்" என்றாள். நான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்த புத்திமதி எல்லாம் அதில் அடங்கிவிட்டது. ஆகவே நான் தனியாக ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் இதை மட்டும் செய். கடலை விட்டு எழுந்து கிளம்பு. ஊருக்கு வந்தால் முதலில் நம் வீட்டுக்கு வராதே. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, உன் மாமனார் உட்காரச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நின்று, அன்றைக்கு என்ன செய்தாய் என்று உன் வாயால் சொல். நான் சொல்லிவிட்டேனே என்று விட்டுவிடாதே, நான் சொன்னது உன் கணக்கில் சேராது. அவளை என்னோடு வா என்று கேட்காதே. அன்றைக்கு அந்த ரொட்டிக்கார அம்மா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து என்னென்ன நினைத்தாய் என்று கேள். அவள் சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகாதே. கோபம் வரும், அவமானமாக இருக்கும், வாசல் பக்கம் கால் இழுக்கும். அப்பாவை அனுப்ப மாட்டேன், நானும் வர மாட்டேன். அங்கேயே இரு. அதற்குப் பிறகு அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் முடிவு. அந்த மலையூருக்கு அவள் இனி உன்னோடு போனாலும் சரி, தனியாகப் போனாலும் சரி, போகாமலே இருந்தாலும் சரி, அது அவள் பாடு.

அவள் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டால் நீ தனியாக நம் வீட்டுக்கு வா. உலையில் உனக்கும் சேர்த்துத்தான் அரிசி போடுவேன், நீ என் பிள்ளை. ஆனால் தெருவில் மருமகள் எங்கே என்று கேட்பார்கள். ஆடிக்குப் போயிருக்கிறாள் என்று சொல்ல அப்போது ஆடி இருக்காது. என் மகன் அவளை மொழி தெரியாத ஊரில் நிறுத்தி வைத்துவிட்டுக் குளிக்கப் போனான், அதனால் அவள் வரவில்லை என்று சொல்வேன். உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேதான் சொல்வேன்.